ஹெம்லாக் காட்டில் போன சிக்னல்

என் அண்ணன் கோர்டிக்குப் பொய் சொல்ல வராது. ரொம்ப நல்லவன் என்பதால் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் காது காட்டிக் கொடுத்துவிடும். சின்ன வயதில் அம்மா ஏதாவது கேட்டால், வாய் திறக்கும் முன்பே அவன் இரண்டு காதும் சிவந்துபோகும். அம்மா அவன் முகத்தையே பார்க்கமாட்டாள், காதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அதனால்தான் அவன் பேச்சையே குறைத்துக்கொண்டான் என்பது என் எண்ணம். குறைத்துக் குறைத்து, அறுபது தாண்டியபோது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை என்ற கணக்கில் வந்து நின்றான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கேட்பதற்காவது பேச வேண்டுமே.

எங்கள் ரௌத்தா ஊரில் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. மிச்சிகனின் இந்த வடக்கு மூலைக்குப் பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். பேசாமல் இருப்பது இங்கே மரியாதையில் சேர்த்தி. கோர்டி முப்பது குளிர்காலம் பனி தள்ளும் லாரி ஓட்டினான். ஓய்வு பெற்ற பிறகு, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் தேவை என்று சர்ச்சில் அறிவித்தார்கள். ஓட்டுவதுதானே என்று பேர் கொடுத்துவிட்டு வந்தான். அவனுக்குக் கிடைத்தவள் இம்பி சாரெலா.

இம்பி எங்கள் ஊரின் ஒரே பாரை முப்பது வருஷம் நடத்தியவள். குடிகாரன் எவனும் அவளிடம் கதை விட முடியாது. ஒருவன் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தத்திலேயே அவன் பெண்டாட்டியிடம் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். கணவன் போய்ச் சேர்ந்து வெகு காலம், பிள்ளைகள் இல்லை. எழுபத்தெட்டாவது வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, ஹான்காக் நகரத்தில் டயாலிசிஸ். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம்.

வியாழக்கிழமைகளில் நானும் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன், ஹான்காக்கில் சாமான் வாங்க. அந்தக் காருக்குள் இருந்த அமைதி இருக்கிறதே, சாவு வீட்டில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் கோர்டியின் பழைய ப்யூக் காரில் எஃப்.எம். செத்துவிடும். ஏ.எம்.மில் ஒரு பிரசங்கி நரகத்தைப் பற்றிப் பேசுவார், பிறகு அவரும் இரைச்சலாகிவிடுவார்.

"டேய் கோர்டி," என்றாள் இம்பி ஒரு நாள். "உன்கூட வர்றதுக்கு நான் சவப்பெட்டியிலயே போயிடலாம்டா. அங்கயாவது பாதிரியார் ரெண்டு வார்த்தை பேசுவாரு."

கோர்டி சிரிக்கவில்லை. ஆனால் அதை மனதில் போட்டுக்கொண்டுவிட்டான் என்று எனக்குத் தெரியும். அடுத்த வியாழன் இம்பியை டயாலிசிஸில் விட்டதும், நான் கேட்காமலேயே என்னோடு கடைக்குள் வந்து ரேடியோ விற்கும் பக்கம் நின்றான். சாட்டிலைட் ரேடியோ. வானத்திலிருந்து வருவதால் எந்தக் காட்டிலும் கேட்கும் என்று அட்டைப் பெட்டியில் எழுதியிருந்தது.

என் அண்ணன் ஒரு பொருள் வாங்குவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். கடைக்காரன் முதலில் பெரிய செட் ஒன்றைக் காட்டினான். காரில் இருக்கும் ரேடியோவைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் பொருத்துவது. "டேஷ்போர்டைப் பிரிக்கணும் சார், அரை நாள் வேலை" என்றான். கோர்டி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டான். அடுத்து சர்ச்சின் பழைய சாமான் விற்பனையில் ஒரு காப்பிக் காசுக்கு ஒரு பெட்டி கிடைத்தது. வேண்டாம் என்றேன். வாங்கினான். வீட்டுக்கு வந்து பெட்டிக்குப் பின்னால் இருந்த நம்பரைக் கம்பெனிக்குப் போன் செய்து சொன்னால், இத்தனை பழைய பெட்டிக்கு இப்போது ஒலிபரப்பே இல்லை என்றார்கள். நம்பரைச் சொல்லிக் கேட்டுவிட்டல்லவா வாங்க வேண்டும்? அந்தப் பெட்டி இன்றைக்கும் அவன் காரேஜ் ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது.

கடைசியில் போன வருஷ மாடல் ஒன்றைக் குறைந்த விலைக்கு எடுத்தான். உள்ளங்கை அகலம். சிகரெட் லைட்டர் துளையில் மின்சாரம். ப்யூக்கில் கேசட் போடும் வாய் இருந்ததால், வயர் முளைத்த ஒரு வெற்றுக் கேசட்டை அதில் செருகினால் கார் ஸ்பீக்கரிலேயே பாடும். எதையும் பிரிக்க வேண்டாம், ஓட்டை போட வேண்டாம். வேறு காருக்கு மாறினால் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விடலாம். அவனுக்காகவே செய்தது போல இருந்தது.

ஆன்டெனாவில்தான் சிக்கல். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புத் துண்டு, அடியில் காந்தம். கூரைமேல் ஒட்டச் சொல்லிப் படமே போட்டிருந்தார்கள். கோர்டி படத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"பனி" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் பொழிப்புரை எழுதுகிறேன். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் காலையில் எழுந்தால் கார் கூரையில் முழங்கால் அளவு பனி கிடக்கும். துடைப்பத்தால் தள்ளிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கூரையில் துருத்திக்கொண்டிருப்பது எதுவும் துடைப்பத்துக்குத் தப்பாது. கோர்டி தன் லாரியால் ஊரில் பாதிப் பேரின் தபால் பெட்டிகளைச் சாய்த்தவன், துருத்திக்கொண்டிருப்பவற்றின் கதி அவனுக்குத் தெரியும். ஆகவே ஒரு காப்பி டின்னின் தகர மூடியை டேஷ்போர்டில் ஒட்டினான். அதன்மேல் காந்தத்தை வைத்தான். ஆன்டெனா முன்கண்ணாடிக்குப் பின்னால், கதகதப்பாக, காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. இந்த மாதிரி யோசனை வெயில் ஊர்க்காரர்களுக்கு வராது.

வேலை செய்யவும் செய்தது, ஒருவிதமாக. சாட்டிலைட் தெற்கு வானத்தில் இருக்கிறதாம். ஹான்காக்குக்கு வடக்கே பார்த்துப் போகும்போது காரின் கூரையே அதை மறைக்கும், விட்டு விட்டுக் கேட்கும். திரும்பி வரும்போது தெளிவாகக் கேட்கும். வழியில் ஓர் இடத்தில் மட்டும், சாலைக்கு இருபுறமும் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் நெருக்கியடித்து மேலே கூரை போட்டிருக்கும், அங்கே அடியோடு போய்விடும்.

இம்பி அத்தனை சேனலையும் ஒரு வாரம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பழைய காலத்து ரேடியோ நாடகங்கள் மட்டும் போடும் சேனல். கதவு கிறீச்சிடும், பியானோ உறுமும், யாரோ ஒரு பணக்காரர் செத்துக் கிடப்பார், ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். டயாலிசிஸ் மூன்று மணிக்கு முடியும். காரில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் புது நாடகம் தொடங்கும். "கதவைச் சாத்துங்கள். கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார். அவர் வேறு யாருமல்ல" என்று இன்ஸ்பெக்டர் சொல்லி வாய் மூடுவதற்குள் நாங்கள் ஹெம்லாக் காட்டுக்குள் நுழைந்திருப்போம்.

அவ்வளவுதான். காட்டைத் தாண்டி மறுபடி உயிர் வரும்போது அறிவிப்பாளர் நன்றி வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

முதல் தடவை அது நடந்தபோது இம்பி டேஷ்போர்டை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, "டாக்டர்தான்" என்றாள். "அவன் டம்ளரை வெச்ச சத்தம் கேட்டியா? செஞ்சவன்தான் அப்படி வெப்பான்."

"தோட்டக்காரன்" என்றது ஒரு குரல்.

பின்சீட்டில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோர்டியின் குரல்தான்.

"என்னடா சொன்ன?"

"தோட்டக்காரன். பூட்ஸ் ஈரமா இருந்துதுன்னு அந்த வேலைக்காரப் பொண்ணு சொல்லிச்சே."

"ஈர பூட்ஸ் போட்டவன் எல்லாம் கொலைகாரன்னா நம்ம ஊர்ல ஒருத்தன் வெளிய நடமாட முடியுமாடா?"

"மழையே பெய்யலை. அப்புறம் எப்படி ஈரமாகும்? ஏரிப்பக்கம் போயிருக்கான்."

"ஏரிப்பக்கம் டாக்டரும்தான் போனான்!"

"அவரு கார்ல போனாரு."

நான் போனை எடுத்து, "இருங்க, முடிவு என்னன்னு நான் தேடிச் சொல்றேன்" என்றேன்.

"கோர்டி, காரை நிறுத்து," என்றாள் இம்பி. "உன் தங்கச்சி இங்கயே இறங்கிக்குவா."

அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படித்தான் போயிற்று. ஹெம்லாக் காட்டில் தொடங்கும் சண்டை இம்பியின் வீட்டு வாசல் வரை வரும். சில நாள் வாசலில் காரை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு முடித்துவிட்டுத்தான் இறங்குவாள். அடுத்த முறை டயாலிசிஸ் அறையில், பக்கத்து நாற்காலிகளில் குழாய் செருகிப் படுத்திருப்பவர்களிடம் கதையைச் சொல்லி ஓட்டு எடுப்பாள். டாக்டருக்கு எத்தனை, தோட்டக்காரனுக்கு எத்தனை என்று. நர்ஸே, "இன்னிக்கு என்ன கேஸ் இம்பி?" என்று கேட்டுக்கொண்டுதான் ஊசியை எடுத்து வருவாளாம். கோர்டி ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறான் என்பதை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் ரேடியோவின் சலுகைக் காலம் முடிந்தது. இனி முழுக் கட்டணம். சாட்டிலைட் ரேடியோ வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்து, வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் கெஞ்சிப் பாதி விலைக்கு இறங்கி வருவார்கள். ஊரே செய்வதுதான். இம்பியின் சமையலறையில் ஏலக்காய் போட்ட நீசு ரொட்டியும் காப்பியும் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கோர்டி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான்.

"எதுக்காக நிறுத்தறீங்க சார்?" என்றாள் அந்தப் பெண்.

கோர்டியின் காது சிவந்தது. "நிறுத்தணும்னு இல்லைங்க," என்றான். "ரொம்ப நல்லா இருக்கு."

இம்பி போனைப் பிடுங்கினாள். "கண்ணு, நான் அவனோட அம்மா பேசறேன். அவனுக்குப் பேசத் தெரியாது. பாதியாக் குறைச்சாத்தான் வெச்சுக்குவோம்."

"ஒரு வருஷத் திட்டம் எடுத்துக்கிட்டீங்கன்னா நல்லாக் குறைச்சுத் தரலாம்மா."

"ஒரு வருஷமா? எனக்கு ஏரியில ஐஸ் உருகிப் போற வரைக்கும் போதும். அதுக்கப்புறம் நான் அந்தக் கார்ல வரமாட்டேன்."

"ஊரை விட்டுப் போறீங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

பாதி விலைக்கு, மே மாதம் வரைக்கும் என்று முடிந்தது. இம்பி ஜெயித்த முகத்தோடு போனை வைத்தாள். கோர்டியின் காப்பிக் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் அப்படியே நின்றிருந்தது.

"எந்த ஊருக்கு?" என்றான்.

"பேரம் பேசினேன்டா, மடையா."

"இல்ல."

அது பேரம் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். இம்பி ரொட்டியை நறுக்க ஆரம்பித்தாள், தேவைக்கு அதிகமாக நறுக்கினாள். "வாரத்துல மூணு நாளு அந்த நாற்காலியில போயிடுது," என்றாள். "மிச்ச நாலு நாளு அந்தக் களைப்புல போயிடுது. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இந்த வருஷம் ஐஸ் போறதைப் பார்த்துட்டு நிறுத்திக்கறேன். அழாதே லாவெர்ன், காப்பி உப்புக் கரிக்கும்" என்றாள் என்னைப் பார்த்து.

டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. நான் என்னென்னவோ சொன்னேன், கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். கோர்டி எழுந்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்துவிட்டான்.

அவன் செய்தது இதுதான். அன்றைக்கே காரேஜுக்குப் போய், தகர மூடியிலிருந்து ஆன்டெனாவைப் பிடுங்கி, வயரைக் கதவு ரப்பருக்கடியில் ஒளித்து, கூரையின் நடுவில் ஒட்டிவிட்டான். வெளியே இருந்தால் மரங்களுக்கு நடுவிலும் பிடிக்குமாம். மறுநாளிலிருந்து துடைப்பத்தைத் தொடாமல் வெறும் கையால் பனியை வழித்தான். ஏன்டா என்று கேட்டேன்.

"முடிவைக் கேக்கட்டும்," என்றான். "இருக்கற வரைக்குமாவது முழுசாக் கேக்கட்டும்."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, முதுகில் ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது.

அந்த வியாழக்கிழமை ஹெம்லாக் காட்டுக்குள் நுழைந்தபோது ரேடியோ நிற்கவில்லை. கணீரென்று கேட்டது. தம்பிதான் கொன்றான், உயிலுக்காக. அவனே ஒப்புக்கொண்டு அழுதான். அறிவிப்பாளர் நன்றி சொன்னார். இம்பி, "ஓ, தம்பியா" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். வீடு வரை யாரும் பேசவில்லை.

மார்ச் முழுக்க அப்படியே. டயாலிசிஸ் அறையில் நர்ஸ், "என்ன கேஸ்?" என்றாளாம். "எல்லாம் தீர்ந்துபோச்சு" என்று இம்பி போர்வையை இழுத்துக்கொண்டாளாம். நான் கோர்டியிடம், "மறுபடி அதை உள்ளே எடுத்து வைடா" என்றேன்.

"அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க" என்றான். உண்மைதான். இம்பியிடம் யார் எதை மறைத்துவிட முடியும்?

எங்கள் ஊரில் குளிர்காலம் பிறந்ததும் தீயணைப்புச் சங்கத்தார் ஒரு பழைய மீன்பிடிக் குடிசைக்கு ஆரஞ்சு பெயிண்ட் அடித்து, கயிறு கட்டி, உறைந்த ஏரியின் நடுவில் நிறுத்திவிடுவார்கள். அது எந்த நாள் தண்ணீருக்குள் இறங்குகிறது என்று ஊரே பந்தயம் கட்டும். அந்த வருஷம் ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் குடிசை இறங்கிவிட்டது. இம்பி பந்தயத்தில் சொல்லியிருந்த நாள் மே மாதம் பாதிக்கு மேல். முப்பது வருஷம் அந்தப் பந்தயத்தைத் தன் பாரில் நடத்தியவள், எங்கள் ஏரியின் ஐஸ் ஒரு நாளும் அத்தனை நாள் தாங்காது என்று தெரிந்தவள். ஏன் அப்படி ஒரு நாளைச் சொன்னாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கடைசித் தடவை. எனக்கு வாங்க ஒன்றுமில்லை, ஆனாலும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். இம்பி நர்ஸ்களுக்கு நீசு ரொட்டி கொண்டுபோயிருந்தாள். அவர்கள் ஒவ்வொருவராக அவளைக் கட்டிக்கொண்டார்கள். கார் கிளம்பியது. நாடகம் தொடங்கியது. ஒரு சத்திரக்காரருக்கு யாரோ சூப்பில் விஷம் வைத்துவிட்டார்கள். சமையல்காரி, மருமகன், பியானோ டீச்சர் என்று மூன்று பேர்மேல் சந்தேகம். இம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், கேட்டாளா என்று தெரியவில்லை. பனி உருகி ஹெம்லாக் மரங்கள் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தன.

"கதவைச் சாத்துங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். "சூப்பில் விஷம் கலந்தவர்..."

கோர்டியின் கை நீண்டது. அந்தக் குட்டிப் பெட்டியின் பொத்தானை அமுக்கியது. மறுபடி ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்டது.

"சிக்னல் போச்சு" என்றான்.

இம்பி மெதுவாகத் திரும்பினாள். அணைந்த பெட்டியைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். கடைசியில் அவன் காதைப் பார்த்தாள். தக்காளிப் பழமாக இருந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. மரம்."

"மரமா?"

"மரம் ஜாஸ்தி இங்க."

"திரும்ப வருமா?"

"தெரியலை," என்றான் கோர்டி. கொஞ்ச தூரம் போய், "என்னைக் கேட்டா பியானோ டீச்சர்தான்" என்றான்.

காடு முடிந்தது. வலது பக்கம் ஏரி வந்தது, ஐஸ் இல்லாமல், நீலமாக. அவள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏரி முடியப்போகும் இடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"பியானோ டீச்சராம்! அவ சமையலறைப் பக்கமே போகலைடா. சூப்புக் கிண்ணத்தைத் தொட்டது யாரு?"

"மருமகனும் தொட்டான்."

"அவன் உப்புப் போட்டான்."

"அது உப்புன்னு யாரு சொன்னது?"

"ஐயோ, இவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்!" என்று அவள் டேஷ்போர்டைத் தட்டினாள். அந்தத் தகர மூடி இன்னும் அங்கேயே ஒட்டியிருந்தது, கலகலவென்று ஆடியது.

வாசலில் கார் நின்றது. இம்பி கதவுக் கைப்பிடியைப் பிடித்தாள். திறக்கவில்லை.

"இதை இப்படியே விட்டுட்டுப் போக முடியாது," என்றாள். "செவ்வாக்கிழமை அங்க ஓட்டு எடுக்கணும்."

"செவ்வாக்கிழமை" என்றான் கோர்டி.

"அந்த ஆன்டெனாவை எடுத்து உள்ள வை. கூரைமேல இருந்துக்கிட்டே சிக்னல் போகுதுன்னா, அது அங்க இருந்து என்னடா பிரயோஜனம்?"

கைத்தடியை ஊன்றி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் சமையலறை விளக்கு எரியும்வரை கோர்டி காரை எடுக்கவில்லை. நான் பின்சீட்டில் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். காது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.